கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்: வட ஆர்க்காட்டு மலைகளுக்கு ஒத்துவருமா?

கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் கையடக்க ஜி.பி.எஸ். கருவி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இரண்டு புகார்கள்தான் திரும்பத் திரும்ப வரும். "ஆன் பண்ணா சிக்னல் பிடிக்க ரொம்ப நேரம் ஆகுது." "நடந்த வழி பாதிதான் பதிவாகியிருக்கு." முதல் புகாருக்குக் காரணம், செயற்கைக்கோள் சொல்வதைக் கருவி முழுதாகக் கேட்பதற்குள் நடையைத் தொடங்கிவிடுவது. இரண்டாவதற்குக் காரணம், புள்ளிகளை எப்படி எழுத வேண்டும் என்ற அமைப்பைத் தொடாமலே விட்டுவிடுவது. இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுவதற்கும் இது நம்பி எடுத்துப்போகக்கூடிய கருவி. ஜவ்வாது மலையில் நடப்பவர்கள், ஏரி, மதகு, கிணறு, கல்வெட்டு என்று இடங்களைக் குறித்து வருபவர்கள் தாராளமாக வாங்கலாம். வரப்புத் தகராறைத் தீர்க்க வாங்க வேண்டாம். ஏன் என்பது பின்னால் வருகிறது.

கருவியின் உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. 2.2 அங்குல வண்ணத் திரை, 240க்கு 320 பிக்சல். இரண்டு ஏஏ பேட்டரியோடு சேர்த்து 142 கிராம். உள்ளே 8 ஜி.பி. நினைவகம், பேட்டரி மூடியைத் திறந்தால் மைக்ரோ எஸ்.டி. கார்டுக்கும் இடம் உண்டு. தண்ணீர்த் தடுப்பு ஐ.பி.எக்ஸ்.7 தரம், அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். தொடுதிரை கிடையாது, கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சியும் பக்கவாட்டுப் பொத்தான்களும்தான். இன்றைய போன் திரைக்குப் பழகிய கண்ணுக்கு இந்தத் திரை மங்கலாகத் தெரியும். ஆனால் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் கதை மாறிவிடும். போன் சூடேறித் திரை வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் நேரத்தில், இந்தத் திரை வெயிலையே வாங்கித் திருப்பிக் காட்டுவதால் வெளிச்சம் கூடக் கூடத் தெளிவாகும். மொட்டைப் பாறை மீது நின்று வழி பார்க்க இதைவிட வசதி இல்லை.

இனி சிக்னல். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் எல்லாமே இந்தக் கருவியிடம் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. எது யாருடைய குரல் என்று பிரிக்க உதவுவது, ஒவ்வொன்றுக்கும் தனியாக உள்ள 1,023 துண்டுகள் கொண்ட குறியீடு. அது ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வந்து சேரும்போது அந்தச் சிக்னல் சுற்றுப்புற இரைச்சலுக்கும் கீழே அமுங்கிக் கிடக்கும். கருவி தன்னிடமுள்ள குறியீட்டு நகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பொருத்திப் பார்த்துத்தான் அதைத் தோண்டி எடுக்கிறது. செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போதும் விலகிப் போகும்போதும் அலைவரிசை 5 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறி இறங்கும். அந்த வீச்சு முழுவதும் தேட வேண்டும். இன்றைய சிப்புகளுக்கு இது சில விநாடி வேலை.

உண்மையான தாமதம் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் தன் கடிகாரத் திருத்தத்தையும் துல்லியமான சுற்றுப்பாதையையும் அதே சிக்னலின் மேல் ஏற்றி அனுப்புகிறது. அதன் வேகம் விநாடிக்கு 50 பிட் மட்டுமே. 1,500 பிட் கொண்ட ஒரு சட்டகம் வந்து சேர 30 விநாடி. அது ஆறு ஆறு விநாடியாக ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதல் மூன்றில் அந்தச் செயற்கைக்கோளின் கடிகாரமும் சுற்றுப்பாதையும் இருக்கும். இதற்குத்தான் எஃபிமெரிஸ் என்று பெயர். கடைசி இரண்டில் எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கே இருக்கும் என்ற அல்மனாக் பட்டியல், துண்டு துண்டாக வரும். பட்டியல் முழுவதும் வந்து முடிய 25 சட்டகம், அதாவது பன்னிரண்டரை நிமிடம் வேண்டும்.

எஃபிமெரிஸ் வரும் அந்த 18 விநாடியில் பக்கத்தில் ஒரு லாரி நின்றாலோ, புளியமரத்தடிக்கு நகர்ந்தாலோ, கருவியைச் சட்டைப்பையில் போட்டாலோ நடுவில் சில பிட்டுகள் அடிபடும். அடிபட்ட பகுதி மறுபடி வர இன்னும் 30 விநாடி காத்திருக்க வேண்டும். இருப்பிடம் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து இந்தத் தகவல் முழுதாக வந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் தடை விழுந்தால் ஒரு நிமிட வேலை ஐந்து நிமிடமாகிவிடும். ஏற்கெனவே பிடித்த சிக்னலைத் தொடர்ந்து பின்பற்றுவதற்குத் தேவையான வலுவைவிட, தகவலைப் பிழையில்லாமல் வாசிக்கத் தேவையான வலு அதிகம் என்பதும் முக்கியம். திறந்த வெளியில் எஃபிமெரிஸை வாங்கிக்கொண்ட கருவி பிறகு மர நிழலிலும் தாக்குப்பிடிக்கும். மர நிழலிலேயே ஆன் செய்த கருவி திணறும். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதைதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பாலாற்றின் வறண்ட படுகை, ஏரிக்கரை, பள்ளி மைதானம், வீட்டு மொட்டை மாடி என்று வானம் திறந்திருக்கும் இடத்தில் கருவியை ஆன் செய்து, முகம் வானத்தைப் பார்க்கத் தட்டையாக வைத்து, இரண்டு நிமிடம் அசையாமல் விட வேண்டும். ஆன்டெனா முகப்புப் பக்கம் இருப்பதால் தட்டையாக வைப்பது பலன் தரும். வேலூர்க் கோட்டை மதிலடியிலும், லாங் பஜார் சந்திலும், அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் ஆன் செய்யக் கூடாது. அங்கே வானம் பாதி மறைந்திருப்பதோடு, கருங்கல்லிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் சிக்னல் நேர்ச் சிக்னலைவிடத் தாமதமாக வந்து கணக்கைக் கெடுக்கும். ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போய்விடும். பத்தில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் அந்தச் செயற்கைக்கோளுக்கான தூரம் 30 மீட்டர் தப்பாகும்.

திரையில் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னலையும் காட்டும் பட்டைகளைப் பார்க்கப் பழகுங்கள். வெறும் கோடாக நிற்கும் பட்டை என்றால் சிக்னல் பிடித்தாயிற்று, சுற்றுப்பாதை இன்னும் வந்து சேரவில்லை. வண்ணம் நிறைந்த பட்டைதான் கணக்கில் சேர்ந்தது. மூன்று மட்டும் நிறைந்திருந்தால் கருவி உயரத்தைத் தானாக ஊகித்துக்கொண்டு இருப்பிடத்தைக் காட்டும். மலையில் அந்த ஊகம் தப்பினால் இடமும் தப்பும். ஐந்தாறு பட்டைகள் நிறைந்த பிறகு புறப்படுவதே சரி. திரையில் காட்டும் "3 மீட்டர்" துல்லியம் கருவியின் சொந்த மதிப்பீடு. அந்த வட்டத்துக்குள்தான் நிற்கிறோம் என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எஃபிமெரிஸ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் செல்லுபடியாகும். காலையில் ஆன் செய்து, டீக்கடையில் அணைத்து, மறுபடி ஆன் செய்தால் சில விநாடியில் இடம் கிடைப்பது இதனால்தான். மறுநாள் காலை என்றால் புது எஃபிமெரிஸ் வாங்க வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலோ, ரயிலேறி ஆயிரம் கிலோமீட்டர் போய் இறங்கி முதன்முறை ஆன் செய்தாலோ, அல்மனாக்கும் கடைசி இருப்பிடமும் பொருந்தாமல் போகும். செயற்கைக்கோள் பக்கத்து மெனுவில் உள்ள ஆட்டோலொக்கேட் பொசிஷனைத் தட்டிவிட்டுக் கருவியை மாடியில் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். பன்னிரண்டரை நிமிடக் கணக்கு இங்கே பயன்படும்.

செட்டப்பில் சிஸ்டம் பகுதிக்குள் செயற்கைக்கோள் அமைப்பை "ஜி.பி.எஸ். + குளோனாஸ்" என்று மாற்றிவிட வேண்டும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும். அமிர்தி பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் அதற்கு மதிப்பு உண்டு. இருபுறமும் மலை எழும்பிய இடத்தில் வானம் ஒரு பட்டையாகக் குறுகிவிடும். அந்தப் பட்டைக்குள் நான்கு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே வரிசையில் நின்றால், பட்டைக்குக் குறுக்கான திசையில் பிழை பெருகும். குளோனாஸ் என்ற ரஷ்ய செயற்கைக்கோள்கள் சேர்ந்தால் தேர்ந்தெடுக்க ஆட்கள் கூடுவார்கள். திரையில் 65க்கு மேற்பட்ட எண்களோடு தெரிபவை அவைதான். நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் இந்தக் கருவிக்குக் கேட்காது, வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

ககன் என்பது வேறு. ஜி.பி.எஸ். பிழைகளைத் தரை நிலையங்களில் கணக்கிட்டு, ஜிசாட் 8, 10, 15 ஆகிய செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தத்தை ஒலிபரப்பும் இந்திய ஏற்பாடு அது. அமெரிக்காவின் வாஸ், ஐரோப்பாவின் எக்னோஸ் ஆகியவற்றின் வடிவத்திலேயே தகவல் வருவதால், அமைப்பில் "வாஸ்/எக்னோஸ்" என்று பெயர் இருந்தாலும் நாம் அதை ஆன் செய்யலாம். ககன் என்ற பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். 83 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட் 10 வேலூரிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 74 டிகிரி, கிட்டத்தட்ட உச்சி வானம். மலை மறைக்காது. 33 முதல் 64 வரையுள்ள எண்ணில் அது திரையில் வந்து, மற்ற பட்டைகளில் "டி" என்ற ஆங்கில எழுத்து விழுந்தால் திருத்தம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைக் கருவியோடு வரும் கையேடு சொல்லாது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால் இங்கே அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கு, அடர்த்தியானது, சஞ்சலமும் மிக்கது. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அயனி மண்டலம் தடித்து, சிக்னலை அதிகம் தாமதப்படுத்தும். ஒரே அலைவரிசையைக் கேட்கும் 22எக்ஸ் போன்ற கருவி, செயற்கைக்கோளே அனுப்பும் ஒரு தோராய மாதிரியை வைத்துத் திருத்தினாலும் பிழையில் பாதி அளவே குறையும். சூரியன் மறைந்த பிறகு வருவது இன்னொரு வகைத் தொல்லை. மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரவு ஏழரை மணியிலிருந்து நள்ளிரவு வரை அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பி, சிக்னல் நட்சத்திரம் மினுக்குவதுபோல் ஏறி இறங்கும். திறந்த மைதானத்தில் நின்றும் பட்டைகள் துள்ளினால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். முக்கியமான இடத்தைக் குறிக்க ஏற்ற நேரம் விடியற்காலை முதல் காலை பத்து மணி வரை.

உயரக் கணக்குக்கு வருவோம். அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேயே இருக்கின்றன, கீழிருந்து ஒன்றும் வருவதில்லை. அதனால் உயரப் பிழை எப்போதும் கிடைமட்டப் பிழையைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். 22எக்ஸில் காற்றழுத்த உயரமானி இல்லை. மலை ஏறி இறங்கி வந்தபின் "மொத்த ஏற்றம்" என்று காட்டும் எண்ணில், நின்ற இடத்திலேயே ஏறி இறங்கிய பொய் மீட்டர்களும் சேர்ந்திருக்கும். சோளிங்கர் மலையின் 1,305 படிகளைப் போல் தொடர்ந்து ஏறும் வழியில் அடிவாரத்துக்கும் உச்சிக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த ஏற்றத்தை விட்டுவிடுங்கள். மின் திசைகாட்டியும் இதில் கிடையாது. நடந்தால்தான் திசை காட்டும், நின்றால் அம்பு குழம்பும். இரண்டும் வேண்டுமென்றால் இதன் அண்ணன் 32எக்ஸ் இருக்கிறது. உச்சிகளை எண்ணி ஏறுபவர்கள் கூடுதல் பணம் கொடுத்து அதையே வாங்குவது நல்லது.

கடல் மட்டக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. ஜி.பி.எஸ். முதலில் கணக்கிடும் உயரம், பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான, வழவழப்பான உருண்டையாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு பரப்பிலிருந்து வருவது. உண்மையான கடல் மட்டம் எல்லா இடத்திலும் அந்தப் பரப்போடு ஒட்டியிருப்பதில்லை. உலகிலேயே மிக ஆழமான வேறுபாடு இலங்கைக்குத் தெற்கே, 100 மீட்டருக்கும் மேல். நம் பகுதியில் கடல் மட்டம் அந்தப் பரப்புக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கிறது. 22எக்ஸ் இதைச் சரிசெய்து கடல் மட்ட உயரத்தையே எழுதுகிறது. பல ஆண்ட்ராய்டு செயலிகள் சரிசெய்வதில்லை. 216 மீட்டர் உயரமுள்ள வேலூரை 126 மீட்டர் என்று எழுதிய ட்ராக் (நடந்த வழிப் பதிவு) கோப்பு கைக்கு வந்தால் அது பழுதான கோப்பு என்று தூக்கி எறிய வேண்டாம். எல்லாப் புள்ளிக்கும் 90ஐக் கூட்டினால் போதும்.

ட்ராக் பதிவுதான் இந்தக் கருவியை வாங்குவதற்கே காரணம். நடக்க நடக்கக் கருவி எழுதும் நடப்புப் பதிவுக்கு 10,000 புள்ளி வரை இடம். சேமித்து வைக்கும் ட்ராக்குகள் 200, இடக்குறிகள் 2,000. பதிவு முறை மூன்று: தூரம், நேரம், ஆட்டோ. பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஆட்டோவில் இருக்கும். நேராகப் போகும்போது புள்ளியைக் குறைத்து, திரும்பும்போது கூட்டி எழுதும் முறை அது. தார்ச்சாலைக்குச் சரி. ஒற்றையடிப் பாதைக்கு, குறிப்பாக அதன் இடைவெளியை "லீஸ்ட் ஆஃபன்" என்று யாராவது மாற்றி வைத்திருந்தால், வளைவுகள் எல்லாம் மழுங்கிப் பாதை குறுகிவிடும்.

நேர முறையில் கணக்கு எளிது. விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் 10,000 புள்ளி 2 மணி 46 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 5 விநாடிக்கு ஒன்று என்றால் 13 மணி 53 நிமிடம். 10 விநாடி என்றால் ஒரு நாளுக்கும் மேல். நடைக்கு 5 விநாடி போதுமானது. நடக்கும் வேகத்தில் அது ஆறேழு மீட்டர்தான். வண்டிக்கு அதே கணக்கைப் போடக் கூடாது. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 10 விநாடியில் 83 மீட்டர் போய்விடுவோம். வளைவு முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறைந்து, கோடு மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வண்டிக்கு விநாடிக்கு ஒன்று, அல்லது தூர முறையில் 10 மீட்டர். 10 மீட்டர் முறையில் 10,000 புள்ளிக்கு 100 கிலோமீட்டர் கிடைக்கும்.

10,000 நிறைந்ததும் என்ன ஆகும் என்பதை ட்ராக் அமைப்பிலுள்ள ஆட்டோ ஆர்கைவ் தீர்மானிக்கிறது. "நிறைந்ததும்" என்று வைத்தால் நிறைந்த பகுதியை ஆர்கைவ் அடைவில் தனிக் கோப்பாக எழுதிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். "தினமும்" என்று வைத்தால் நாளுக்கு ஒரு கோப்பு. நாலைந்து நாள் களப்பணிக்கு "தினமும்" சிறந்தது. "பாதி ட்ராக் காணோம்" என்று சொல்பவர்களில் பலருடைய மீதிப் பாதி ஆர்கைவ் அடைவில் பத்திரமாக இருக்கும். நடப்புக் கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு வந்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் இணைத்ததும் கார்மின் அடைவு, அதற்குள் ஜிபிஎக்ஸ், அதற்குள் கரண்ட், ஆர்கைவ் என்று இரண்டையும் சேர்த்தே நகலெடுங்கள்.

ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். 2004இல் வந்த 1.1 வடிவம்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. வெளியே ஒரு கூடு, உள்ளே ட்ராக், அதற்குள் ஒன்றோ பலவோ துண்டுகள், துண்டுக்குள் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். ஒரு புள்ளி 110 பைட் அளவுக்கு வரும். 10,000 புள்ளிக் கோப்பு 1 எம்.பி.யைச் சற்றுத் தாண்டும். 8 ஜி.பி.யை நிரப்பப் பல வருடம் நடக்க வேண்டும், ஆகவே ட்ராக்குக்காகக் கார்டு வாங்கத் தேவையில்லை. வரைபடத்துக்கு வேண்டுமானால் வாங்குங்கள்.

சிக்னல் அறுந்து மீண்டும் வந்தாலோ, பேட்டரி மாற்றினாலோ கருவி புதுத் துண்டு தொடங்கும். வரைந்து காட்டும் சில மென்பொருட்கள் இரண்டு துண்டுகளை நேர்க்கோட்டால் ஒட்டிவிடும். காட்டுக்குள் கழுகு பறந்ததுபோல் ஒரு கோடு தெரிந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. நின்ற இடத்தில் பதிவை நிறுத்தாமல் விட்டாலும் தொல்லைதான். அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால், இருப்பிடம் மீட்டர் மீட்டராக அலைந்து சிலந்திவலை போல் ஒரு முடிச்சு விழும். நடக்காத தூரம் மொத்தத்தில் ஏறும். இதைச் சோதிக்க நல்ல இடம் திருவண்ணாமலை கிரிவலப் பாதை. 14 கிலோமீட்டர் என்று எல்லோருக்கும் தெரிந்த சுற்று அது. கருவி 15ஐத் தாண்டிக் காட்டினால், கோயில் கோயிலாக நின்ற இடங்களில் விழுந்த முடிச்சுகளைத் தேடுங்கள். வலம் வரும்போது மலை எப்போதும் வலப்பக்கம் இருப்பதால் கருவியை இடது தோள்பட்டையில் மாட்டுங்கள். திறந்த வானம் அந்தப் பக்கம்தான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இடுப்பிலோ பைக்குள்ளோ வைத்த கருவிக்கு நம் உடம்பே தடைச்சுவர்.

நேரத்தில் கவனம் வேண்டும். திரையில் இந்திய நேரம் தெரிந்தாலும் கோப்பில் எழுதப்படுவது உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். விடியற்காலை 5.15க்குப் புறப்பட்ட நடை, கோப்பில் முந்தைய நாள் இரவு 11.45 என்று இருக்கும். புகைப்படங்களோடு இடத்தைப் பொருத்தும்போது இந்த ஐந்தரை மணியைச் சேர்க்க மறந்தால் ஒரு படமும் சரியான இடத்தில் உட்காராது.

கோப்பு கெடுவது பெரும்பாலும் கேபிளைப் பிடுங்கும்போது. "எஜெக்ட்" கொடுக்காமல் இழுத்தால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். சில நேரம் அந்தக் கோப்பைப் படிக்க முயன்று கருவி ஆன் ஆகும்போதே மாட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். கோப்பை நகலெடுத்து நோட்பேடில் திறந்து, கடைசியில் அரைகுறையாக நிற்கும் புள்ளியை அழித்துவிட்டு, துண்டு, ட்ராக், வெளிக்கூடு ஆகிய மூன்றுக்கும் மூடும் குறிகளை இதே வரிசையில் எழுதிச் சேமித்தால் மென்பொருட்கள் திறந்துவிடும். கருவியில் இருக்கும் கெட்ட கோப்பை அழித்துவிடுங்கள். இணைப்பு இன்னமும் மினி யு.எஸ்.பி. என்பது எரிச்சலான விஷயம். போன் கேபிள் பொருந்தாது. கேபிள் தொலைந்தால் கடை கடையாகத் தேட வேண்டும். கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பேட்டரி 25 மணி நேரம் என்கிறது நிறுவனம். பின்னொளியை அணைத்து வைத்தால் இரண்டு பகல் நடைக்குக் கவலை இல்லை. 2,000 மில்லி ஆம்பியர் அளவுள்ள நிக்கல் ரீசார்ஜபிள் பேட்டரி நான்கு வாங்கிச் சுழற்றுவது மலிவு. ஆனால் சிஸ்டம் அமைப்பில் பேட்டரி வகையை மாற்றியாக வேண்டும். ரீசார்ஜபிளின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. வகையைத் தவறாக விட்டால் நிறைந்த பேட்டரியைக் காலி என்று காட்டும், அல்லது பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே அணைந்துபோகும். கருவியை அணைத்துவிட்டு மாற்றுங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். வெயில்காலத்தில் அல்கலைன் கசிந்தால் தகடுகள் அரித்துப்போகும்.

நிலம் அளக்கும் ஆசைக்கு இப்போது வருவோம். பரப்பு கணக்கிடும் வசதி கருவியில் இருக்கிறது. வயலைச் சுற்றி நடந்தால் ஏக்கர் காட்டும். ஏரியின் நீர்ப்பரப்பு, மாந்தோப்பின் மொத்த அளவு போன்ற பெரிய கணக்குக்கு அது உதவும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் நான்கு மூலைகளும் தனித்தனியாக 3 மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போனால் பரப்பில் நான்கைந்து சென்ட் மாறிவிடும். இன்றைய விலையில் அது சிறிய தொகையா? புல அளவைப் படமும் சர்வேயரின் அளவும் இருக்க வேண்டிய இடத்தில் இந்த எண்ணை வைத்துப் பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைக்குப் போகக் கூடாது. ஒரே ஒரு இடத்தை, எல்லைக்கல்லையோ ஆழ்துளைக் கிணற்றையோ, இயன்ற அளவு துல்லியமாகக் குறிக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுக்கும் வேபாயிண்ட் ஆவரேஜிங் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். கார்மின் சொல்வது நான்கு முதல் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது 90 நிமிடம். அந்த இடைவெளிதான் முக்கியம். செயற்கைக்கோள்கள் இடம் மாறினால்தான் பிழைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குறையும். ஒரே மூச்சில் பத்து முறை குறித்தால் ஒரே பிழையைப் பத்து முறை எழுதியதுதான்.

அட்சரேகையை எழுதித் தரும்போது வடிவத்தையும் எழுதுங்கள். 12 டிகிரி 55.5 நிமிடம் என்பதை 12.555 என்று படித்தால் 40 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். பழைய சர்வே வரைபடத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவை அடித்தளத்தில் அமைந்தவை, கருவி பின்பற்றும் டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற உலகப் பொது அடித்தளத்தின் எண்களை அதில் அப்படியே குறித்தால் இடம் நூறு மீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். யு.டி.எம். என்ற மீட்டர் கட்ட முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு நம் பகுதி 44பி மண்டலம்.

போனே போதாதா என்று கேட்பவர்களுக்கு: வேலூர் நகருக்குள் போதும். போன் எஃபிமெரிஸை இணையத்தில் இறக்கிக்கொள்வதால் முதல் இடம் சட்டென்று கிடைக்கும். ஜவ்வாது மலையில் டவர் இல்லாத இடத்தில் அந்தச் சலுகை போய்விடும். போனும் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் கேட்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்தப் போன் பதிவுச் செயலியை நடுவில் நிறுத்திவிடுவது இன்னொரு தலைவலி. வந்த வழியே திரும்ப 22எக்ஸின் ட்ராக்பேக் வசதியை நம்பலாம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தனி. கருவி இருப்பது அனுமதி ஆகாது. இது கேட்க மட்டும் செய்யும் கருவி என்பதால் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளுக்கு இந்தியாவில் முன் அனுமதி வேண்டும். கடையில் இரண்டும் ஒரே போல் தெரிந்தாலும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வரைபடமே வேண்டாம், பேட்டரி பல நாள் நிற்க வேண்டும் என்றால் ஈட்ரெக்ஸ் எஸ்இ பாருங்கள்; 168 மணி நேரம் என்கிறார்கள். மரம் அடர்ந்த சரிவிலும் துல்லியம் வேண்டும் என்றால், இரண்டாவது அலைவரிசையையும் கேட்கும் ஜிபிஎஸ்மேப் 65 வரிசை, விலை கூடுதல். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று யோசிப்பவர்கள் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஜி.பி.எஸ். வாரத்தை 1,024 வரைதான் எண்ணும். 2019 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் இருப்பிடத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டே, தேதியை 19 வருடம் 7 மாதம் பின்னால் எழுதும். இன்னும் பழைய ஈட்ரெக்ஸ் லெஜண்ட் போன்றவற்றில் ட்ராக்கைச் சேமிக்கும்போதே புள்ளிகள் குறைக்கப்பட்டு நேரமும் போய்விடும். கடைக்குள் கூரையடியில் சோதிக்காமல் வாசலுக்கு எடுத்து வந்து, பட்டைகள் நிறையும் வரை நின்று, பத்து நிமிடம் நடந்து, கோப்பைத் திறந்து, கடைசிப் புள்ளியின் தேதியைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.